நாலு மணிக்குத் தாலாட்டு

எண்ணெய் தடவிக்கொண்டுதான் உட்கார்ந்தாள், இருந்தாலும் ஏழாவது வாழைக்காயைச் சீவி முடிக்கும்போது பேச்சியம்மாளின் விரல் இடுக்கெல்லாம் கறை ஏறிக் கறுத்துப்போயிருந்தது. அருவாமனைக்கு அடியில் தோல் சுருண்டு சுருண்டு விழுந்து கிடந்தது. முறத்தில் இன்னும் பதினொன்று இருக்கிறது. மெல்லிசாச் சீவுடி, இருபது பேருக்குக் காணணும் என்று மாமியார் வீராயி சொல்லிவிட்டுப் போனாள், அது எப்போது, அப்போது எதிர்ச்சுவரில் நிழல் குழாய்க்குக் கீழே கிடந்தது, இப்போது குழாயை மூடிவிட்டது, அப்படியென்றால் மூன்று மணி தாண்டியாயிற்று. அடுப்படியில் கடிகாரம் கிடையாது. பின்வாசலுக்கு எதிரே இருக்கிற அந்தச் சுவரும் நிழலும்தான் அவளுக்குக் கடிகாரம். நாலு மணிக்கு லோக்கல் சேனலில் அவள் வருவாள். வந்து பாடுவாள். அவள் இங்கே அடுப்படியில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கும்போதே அங்கே வேறு ஒரு பேச்சியம்மாள், மஞ்சள் சேலை கட்டினவள், இடுப்பில் பாப்பாவோடு, மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடுவாள், அவள் வாயை இவள் போய்ப் பொத்த முடியாது. முன்பக்கம் பட்டாசாலையில் பாய் விரிக்கிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பாக்கியத்தக்காவின் சிரிப்பு கேட்டது. அதற்கு நடுவில் பாப்பாவின் செருப்பு கீச்சு கீச்சென்று ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. நடக்கத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகிறது, அந்தச் செருப்பைக் காலில் மாட்டாவிட்டால் வீட்டையே இரண்டாக்கிவிடுவாள். வியாழக்கிழமையிலிருந்து அந்தச் சத்தம் கேட்கிறபோதெல்லாம் பேச்சி கைவேலையை ஒரு தரம் நிறுத்திவிடுகிறாள். டிவியில் மறுபடி விளம்பரம் போட்டான். இன்று மாலை நான்கு மணிக்கு, இளம் தாய்மாருக்கான தாலாட்டுப் போட்டி, காணத் தவறாதீர்கள். அதில் அவள் முகம் வரும், பாதி வரி வரும், வந்ததும் எல்லோரும் ஓவென்று சத்தம் போடுவார்கள். போட்டார்கள். மாமியார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள், வந்து மூணு வருசத்துல இவ குரலு எனக்கே சரியாத் தெரியாது, ஊமை ஊரக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாக என்று. சந்தோசத்தில்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சி எட்டாவது காயை எடுத்தாள்.

பாக்கியத்தக்கா அன்றைக்குக் கையைப் பிடித்து இழுக்காமல் இருந்திருந்தால் இது எதுவுமே கிடையாது, ஆனால் அக்காவைச் சொல்லி என்ன, அவள் நல்லதுக்குத்தான் இழுத்தாள். போன செவ்வாய்க்கிழமை பொருட்காட்சிக்குப் போனது. மாமியாருக்கு மூட்டுவலி, வரவில்லை, நீங்க போயிட்டு வாங்க, பாப்பாவுக்கு ராட்டினம் காட்டுங்க என்று அவளே அனுப்பி வைத்தாள். வெயில் தாழ்ந்த நேரம். மண்ணில் தண்ணீர் தெளித்திருந்தார்கள், அந்த வாடையும் அப்பளம் பொரிகிற வாடையும், செத்துப்போன திமிங்கலத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம் என்று ஒருவன் கத்துகிற சத்தமும். நடுவில் திறந்தவெளி மேடை. நாலு மூலையிலும் கம்பம் நட்டு ஸ்பீக்கர் பெட்டி கட்டியிருந்தார்கள். லோக்கல் சேனல்காரப் பெண் ஒருத்தி, வழுவழுவென்று முடியை விரித்துப் போட்டவள், கைக்குழந்தை வச்சிருக்கிற அம்மாக்கள் எல்லாரும் மேடைக்கு வாங்க, ஒரு தாலாட்டு பாடுங்க, பரிசை அள்ளிட்டுப் போங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒருத்தியும் போகவில்லை. பிறகு நாலைந்து பேர் போனார்கள். பாக்கியத்தக்காதான், இவ பாடுவா, தெனம் மத்தியானம் செவுத்துக்கு அங்கிட்டு நான் கேக்குறேன்ல என்று சொல்லி முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாள். தள்ளிவிட்டுவிட்டு அவள் டெல்லி அப்பளம் வாங்கப் போய்விட்டாள். அதுதான் நல்லது, அவள் நின்று கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இல்லை, அதுதான் கெட்டது. அன்றைக்கே தெரிந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஏணிப்படி மூன்று, அதில் இரண்டாவது படி ஆடியது, அது ஞாபகம் இருக்கிறது. வெளிச்சத்தை மூஞ்சியில் அடித்தார்கள். கீழே தலை தலையாகத் தெரிந்தது, ஒரு முகமும் தெரியவில்லை. அஞ்சாம் வகுப்பில் ஒரு தடவை டீச்சர் எழுப்பிப் பாடத்தை வாசிக்கச் சொன்னபோது அவளுக்குக் காலோடு போய்விட்டது, அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை, ஆயிரம் பேர் முன்னால் மறுபடியும் அப்படி ஆகிவிடுமோ என்று தொடையை இறுக்கிக்கொண்டு நின்றாள். பேரு என்னம்மா என்றாள் அந்தப் பெண். சொன்னாள். ஊருக்குள்ள நெறையப் பேசுவீங்களோ என்றாள் அவள், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மைக்கைக் கொடுத்தாள். மைக் இத்தனை கனமாக இருக்கும் என்று பேச்சிக்குத் தெரியாது. பாப்பா வயரைப் பிடித்து இழுத்தாள், அதற்கும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடினால் அது வீடாகிவிட்டது. மத்தியானம், தொட்டில் கம்பு, சேலைத் தொட்டில், ஆட்டுகிற கயிறு, யாரும் இல்லாத வீடு. வாய் தானாகப் பாடியது.

பொய் சொல்லக்கூடாது, பிடித்துத்தான் இருந்தது. நாலு மூலைப் பெட்டியிலிருந்தும் அவள் குரல் அவளுக்கே திரும்பி வந்தது, வேறு யாரோ பெரிய மனுசி பாடுகிற மாதிரி, அந்தக் குரலைக் கேட்டு ராட்டினத்துக்காரன்கூடக் கத்துவதை நிறுத்தினான், இல்லை, அவன் அப்போது ஆள் ஏற்றிக்கொண்டிருந்திருப்பான். அவளுக்காக யார் நிறுத்துவார்கள். ஆனால் பிடித்திருந்தது. அந்தப் பிடித்ததற்குத்தான் இந்தக் கூலியோ என்னவோ. வாழைக்காய் நழுவி அருவாமனை சதையோடு ஆழமாகப் போனது, அந்தத் துண்டை எடுத்து ஒதுக்கி வைத்தாள், தடிமனாகிவிட்டது, உள்ளே வேகாது. வீடு வரும்போது மடியில் இரண்டாம் பரிசு, சோற்றைச் சூடாக வைத்துக்கொள்கிற டப்பா, மூடியில் ரோசாப்பூ போட்டது. மினிபஸ்ஸில் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். மாமியார் அதை வாங்கித் திறந்து பார்த்து, மூடி, மறுபடி திறந்து பார்த்து, பரவால்லியே என்றாள். புருசன் சோலைராசு லோடு வண்டியை நிறுத்திவிட்டு வந்தவன், அவளையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பார்வையை அவன் கல்யாணத்தன்றைக்குக்கூடப் பார்த்ததில்லை. அடுத்த நாள் ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தானாம். அந்த இரண்டு நாளும் பேச்சி தரையில் நடக்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம்தான். பாப்பாவைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள், வாய் அது பாட்டுக்குப் பாடியது, மூன்றாவது பாட்டு வந்தது, வந்ததும் கயிறு கையிலேயே நின்றுபோனது. இதை அங்கே பாடினேனா. பாடினேனா இல்லையா. தொட்டில் மட்டும் தானாக இரண்டு தரம் ஆடி நின்றது.

முதல் பாட்டில் ஒன்றும் இல்லை. ஆத்துல தண்ணி வந்தா அழகரோட பாக்கப் போவோம், மாத்துத்துணி நனைஞ்சதுன்னா மடியிலேயே காய வைப்பேன். அது அவளாகக் கட்டியது. இரண்டாவதும் ஒன்றும் இல்லை, வளையல்காரன் வருவான், பாப்பாவுக்கு அளவு இல்லை என்பான். மூன்றாவதுதான். தாலாட்டில் எல்லாவற்றையும் சொல்லலாம். அவள் அம்மாவும் அப்படித்தான், மாமியார் கொடுமையிலிருந்து அரிசி இல்லாதது வரைக்கும் தொட்டிலுக்குள் சொல்லிவிடுவாள், வெளியே கேட்கிறவருக்கு ராகம்தான் கேட்கும், குழந்தைக்கு அர்த்தம் தெரியாது, சொன்னவளுக்குப் பாரம் இறங்கிவிடும். பொம்பளைகளுக்கு என்று வைத்த வழி அது. பேச்சியிடமும் ஒரு பாரம் இருந்தது. அது அவளுடையது இல்லை, மதினியுடையது. மதினி அழகுராணி, சோலைராசுவுக்கு மூத்தவள், இருபத்தொன்பது வயது, கட்டிக் கொடுத்த இடத்தில் ஏழு மாதம் இருந்துவிட்டுத் தீர்த்துக்கொண்டு வந்தவள், டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலை. இந்த வீட்டில் பேச்சியை ஒரு ஆளாக நினைத்துப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். போனில் எப்படிப் படம் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தவள். பிரசவத்தில் பேச்சிக்கு ரத்தம் நிற்காமல் போனபோது பெரியாஸ்பத்திரி வராண்டாவில் இரண்டு நாள் எழுந்திருக்காமல் கிடந்தவள். அவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே சொன்னாள். கடைக்கு எதிரே செருப்புக்கடை. அங்கே வேலை செய்கிறவர். நம்ம ஆளுக கிடையாது. ஒரு வருசமாச்சு. பாப்பாவுக்குக் கீச்சுச் செருப்பு வாங்கிக் கொடுத்ததே அவருதான் புள்ள, நான் வாங்குனேன்னு அம்மாட்டச் சொல்லிருக்கேன். வெள்ளிக்கிழமை விடிகாலை வண்டிக்குப் போகிறோம், அவருடைய சிநேகிதக்காரர் ஊரில் ரிஜிஸ்டர் பண்ணிவிட்டு அப்படியே அங்கேயே இருந்துவிடுவோம். எந்த வெள்ளிக்கிழமை என்று பேச்சி கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள், சித்திரை இரண்டாவது வெள்ளி. ஒங்கிட்டச் சொன்னா செவுத்துக்கிட்டச் சொன்ன மாதிரி, ஒனக்குத்தான் பேச்சே வராதே என்று சொல்லிச் சிரித்துவிட்டு, பேச்சியின் தலையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துப் பேன் பார்த்தாள். இரண்டாவது வெள்ளி என்றால் இந்த வெள்ளி. இன்றைக்கு ஞாயிறு. திங்கள், செவ்வாய், புதன், வியாழன். வாழைக்காய்த் துண்டுகளை நாலு நாலாக அடுக்கினாள். நாலு நாள் மட்டும் பூமி பேசாமல் இருந்திருந்தால் போதும்.

வெள்ளிக்கெழம வந்துருச்சா, வெளிக்கதவு தொறந்துருச்சா, கீச்சுச் செருப்பு தந்த மாமன் கிட்டக்க வந்து நிப்பாரு, அத்தை அந்த வண்டியேறி அக்கரைக்குப் போயிருவா, ஆரு கேட்டும் சொல்லாதே, ஆரிரரோ கண்ணுறங்கு. இதுதான் மூன்றாவது பாட்டு. பாப்பாவுக்கு அத்தை என்றால் இந்த வீட்டில் ஒரே ஒருத்திதான். கீச்சுச் செருப்பு என்றால் அதுவும் ஒன்றுதான், இதோ ஓடுகிறது. தீர்த்துக்கொண்டு வந்தவளுக்கு மாமன் எங்கிருந்து வந்தான் என்று கேட்க மாமியாருக்கு ஒரு நிமிசம் ஆகுமா. பாடியிருக்க மாட்டேன் என்று மூன்று நாளாகச் சொல்லிப் பார்க்கிறாள். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிசம்தான் என்று சொன்னார்கள், இரண்டு நிமிசத்தில் மூன்று பாட்டு வராது, மணி அடித்திருப்பார்கள். மணி அடித்தார்களா. முன்னால் பாடின பொண்ணுக்கு அடித்தார்கள், அவள் பாதியில் நிறுத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தனக்கு அடித்தது ஞாபகம் இல்லை. கண்ணை மூடியிருந்தால் காது கேட்காதா என்ன. அப்புறம் அந்தச் சிரிப்பு. ஒரு சிரிப்பு பாப்பா வயரை இழுத்ததற்கு, அது தொடங்குகிறதுக்கு முன்னால். பேருக்குச் சிரித்தது அதற்கும் முன்னால். இன்னொரு சிரிப்பு இருந்தது. பொம்பளைகள் மட்டும் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு, கை தட்டலோடு. அது எதற்கு. பாப்பா மூஞ்சியைச் சுளித்தாளா, முந்தானையைப் பிடித்து இழுத்தாளா. இல்லையே, பாப்பா அப்போது தோளில் தூங்கிவிட்டாள், தாலாட்டு என்றால் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும், தூங்கிட்டாளே நெசமாவே தூங்கிட்டாளே என்று சேனல்காரப் பெண் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அது முடிந்த பிறகு சொன்னது. அப்படியானால் சிரிப்பு அதற்கு முன்னால். எதற்குச் சிரித்தார்கள். ஒன்பதாவது காயா பத்தாவதா, எண்ணிக்கை விட்டுப்போயிற்று. பரிசு கொடுக்கும்போது அந்த வெள்ளைத்தலைப் பாட்டு டீச்சரம்மா, நடுவராக உட்கார்ந்திருந்தவர், டப்பாவைக் கையில் கொடுத்து முதுகைத் தடவிக்கொண்டே ஏதோ சொன்னார். சொந்தமாக் கட்டிப் பாடியிருக்கு இந்தப் பொண்ணு என்றார். அதற்குப் பிறகு ஒன்று சொன்னார். மூன்று நாளாக அந்த இடத்தில் வந்து வந்து நிற்கிறது, கிணற்றில் விழுந்த வாளி மாதிரி கொக்கி படுகிறது, நழுவுகிறது. டீச்சரம்மாவின் வாய் அசைகிறது. கழுத்தில் ஒற்றைச் சரம் பவளம். வாயில் ஏலக்காய் வாடை. சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். என்ன சொன்னார்.

மாமியார் உள்ளே வந்து முறத்தைப் பார்த்தாள். என்னடி இது, சினிமாக்காரி கணக்கா நாழியாக்குற, போயி மூஞ்சி கழுவி அந்த மஞ்சச் சேலையவே கட்டிக்க, டிவிலயும் அது, நேர்லயும் அதுன்னா நல்லாருக்கும்ல என்றாள். இதச் சீவிட்டு, கடலைமாவையும் கரைச்சுட்டு வர்றேன் அத்தை என்றாள் பேச்சி. மாமியார் குனிந்து அவள் காதோரத்தில் ஒட்டியிருந்த வாழைக்காய்த் தோலை எடுத்துப் போட்டாள். அப்படி அவள் தொட்டது எத்தனை நாளாயிற்று. காரணம் இல்லாமல் மனசு இளகியது, இவளிடமே சொல்லிவிட்டால் என்ன என்றுகூட ஒரு நொடி, ஒரே ஒரு நொடி தோன்றியது, அதற்குள் மாமியார் போய்விட்டாள். என்ன பைத்தியம். காலையில் டிவிக்குப் பின்னால் தூசி தட்டுகிற சாக்கில் கேபிள் வயரின் பின்னைத் தளர்த்தி வைத்தாள். புள்ளி புள்ளியாக வந்தது. அம்மன் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தாள். சோலைராசு வந்து, எலியாத்தான் இருக்கும் என்று சொல்லி அரை நிமிசத்தில் சொருகிவிட்டு, சொருகினதற்கு மேலே டேப்பும் ஒட்டினான். அப்புறம் கரண்டு போகட்டும் என்று வேண்டினாள், ஞாயிற்றுக்கிழமை யார் கரண்டை நிறுத்துவார்கள். அப்படியே நின்றாலும் பாக்கியத்தக்கா வீட்டில் கேட்பார்கள், டீக்கடையில் கேட்பார்கள், எத்தனை வீட்டு வயரைப் பிடுங்குவது. மதினியிடம் சொல்லிவிடலாம் என்று வியாழக்கிழமையிலிருந்து வாயைத் திறக்கிறாள். வியாழக்கிழமை மதினி ஒரு பையில் இரண்டு ஜாக்கெட்டை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள், முணுமுணுவென்று ஏதோ பாடிக்கொண்டு. வெள்ளிக்கிழமை மாமியார் கூடவே இருந்தாள். நேற்று நடுவீட்டில் எதிரெதிராகவே நின்றார்கள், யாரும் இல்லை, மதினி, என்றாள் பேச்சி. என்ன புள்ள என்றாள் மதினி. ஒண்ணுமில்ல மதினி, டீ போடவா என்றாள். மதினி அவளை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்தாலே வார்த்தை உள்ளுக்குப் போய்விடுகிறது. இத்தனை நாளில் அவளை நம்பி ஒரு ஆள் ஒரு பொருளைக் கொடுத்து வைத்தது அந்த ஒரு தடவைதான், அதை அவள் மைக்கைப் போட்டு ஊருக்கே, இல்லை, பாடியிருக்க மாட்டாள், மணி அடித்திருப்பார்கள். இன்றைக்குக் காலையில் புருசன் போனை எடுத்து மதினிக்கு அடித்துப் பார்த்தாள். கடைக்குள் போகும்போது வேலைக்காரர்கள் போனைப் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும், அது அடித்துக்கொண்டே கிடந்தது. மதினி மூன்று மணிக்குப் பெர்மிஷன் கேட்டிருக்கிறாள், எந்தம்பி பொண்டாட்டி டிவில வர்றா, நான் பக்கத்துல இருந்து பாக்கணும் என்று சொல்லி. தன்னைப் பிடித்துக் கொடுக்கப் போகிற பாட்டைக் கேட்க ஓடி வருகிறாள்.

சோலைராசு கெட்டவன் இல்லை. குடிப்பதில்லை. பாப்பாவைக் குளிப்பாட்டுவான், எந்தப் புருசன் செய்வான். ஆனால் போன வருசம் இரண்டாவது சந்தில் தறிக்காரர் மகள் ஒருத்தி ஒரு பையனோடு போனபோது அவன் வண்டியும் போனது. ஏழெட்டுப் பேர் பின்னால் ஏறிக்கொண்டு போனார்கள். மறுநாள் மத்தியானம் வந்து, கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து என்று கேட்டுச் சாப்பிட்டான். புத்தி சொல்லிக் கூட்டியாந்தாச்சு என்றான். சாயங்காலம் வண்டியைக் கழுவச் சொன்னான். பின்பக்கத் தகரத்தில் மூலையில் ஒரு கண்ணாடி வளையல் துண்டு கிடந்தது, பச்சை, விரல்நகம் அளவு. பேச்சி அதை எடுத்துச் சாக்கடையில் போட்டாள். ஏன் எடுத்தோம் என்று இருந்தது. அந்தப் பெண் திரும்பி வந்தாளாம், பிறகு ஏதோ ஊரில் சித்தி வீட்டில் விட்டிருக்கிறார்களாம், பேச்சி அவளைப் பார்க்கவே இல்லை, யாரும் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. அவன் அன்றைக்குப் பாயில் படுத்துக்கொண்டு சொன்னான், நம்ம வீட்டுல இப்படி ஒண்ணு நடந்தா நான் கூட்டிட்டு வர மாட்டேன் என்று. அவ்வளவுதான் சொன்னான். கூட்டிட்டு வராம என்று பேச்சி கேட்கவில்லை. மதினி அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரேசன் கடை வரிசையில் நின்றவள் என்று மாமியார் அடிக்கடி சொல்வாள். தூக்கித் தூக்கித்தான் மதினிக்கு ஒரு பக்கம் இடுப்பு சாய்ந்தே போய்விட்டதாம். அது அவனுக்கு ஞாபகம் இருக்கும். இருக்காதா. மாவில் உப்பு போட்டாளா. மிளகாய்த்தூள் சிவப்பாகத் தெரிகிறது, ஓமம் தெரிகிறது, உப்பு தெரியாது, உப்பைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். ருசியே தெரியவில்லை. பட்டாசாலையில் யாரோ, மூணே முக்காலு ஆச்சு, சத்தத்தக் கூட்டிவிடு என்றார்கள். அப்போது கிடைத்தது. வாளி கொக்கியில் மாட்டி, கனத்தோடு, தண்ணீரோடு மேலே வந்தது. டீச்சரம்மா முதுகைத் தடவிக்கொண்டே, காதோடு சொன்னார், யாருக்கும் சொல்லாதேன்னு மைக்குல சொல்லிட்டியேம்மா. பொம்பளைகள் சிரித்தது அதற்குத்தான். அந்த வரி முடிந்ததும்தான் சிரித்தார்கள், கை தட்டினார்கள். அந்த வரிக்காகத்தான் ரோசாப்பூ போட்ட டப்பா.

கையை மாவுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்தாள். குளிர்ந்து கிடந்தது மாவு. இப்போது எழுந்து போய் டிவியைத் தரையில் தள்ளிவிட்டால். தள்ளினால் ஏன் தள்ளினாய் என்பார்கள். பாப்பாவைக் கிள்ளி அழவிட்டால், அழுகையில் கேட்காது, மூன்றாவது பாட்டு வரும்போது மட்டும் கிள்ள வேண்டும், ஆனால் அது போனில் வேறு வரும், நாளைக்கும் போடுவார்கள், வெற்றி பெற்றவர்களை மறுபடி மறுபடி போடுவார்கள். அக்கரை என்று ஏன் வைத்தேன், அத்தை என்று ஏன் வைத்தேன், சித்தி என்று வைத்திருக்கலாமே, ராகத்துக்குச் சித்தியும் நிற்கும். வாசலில் வாங்க ராணி என்று சத்தம். மதினி வந்துவிட்டாள். கடை யூனிபார்ம் சேலையோடு நேராக அடுப்படிக்கு வந்தாள், நெற்றியெல்லாம் வேர்வை, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள், ஸ்டாப்பிங்கிலிருந்து ஓடிவந்தாளாம், ஆரம்பிச்சுட்டானோன்னு பயந்துபோனேன் புள்ள என்றாள். பேச்சியின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, மாவைத் தொட்டு நாக்கில் வைத்து, உப்பே இல்ல, மனசு எங்க இருக்கு, நீதான் பெரிய ஸ்டாராச்சே என்று சொல்லிவிட்டு உப்பு ஜாடியை இழுத்து ஒரு கை போட்டுப் பிசைந்தாள். கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அங்க போனப்பறம் பாப்பா ஞாபகம் வந்தா என்ன பண்ணுவேன்னு தெரியல, நீ அந்தப் பாட்டப் பாடிப் போன்ல அனுப்பிவிடு, அதக் கேட்டுக்கிட்டே இருந்துக்குருவேன் என்றாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் இருந்தது. பட்டாசாலையில் எல்லோரும் ஓவென்று கத்தினார்கள், பிறகு உஸ் உஸ் என்று ஒருவரையொருவர் அடக்கினார்கள், அடங்கின அமைதியில் டிவிக்குள்ளிருந்து ஒரு பயந்த குரல், எம் பேரு பேச்சியம்மா, செல்லூரு, என்றது. முதலில் இவளைத்தான் போட்டிருக்கிறான். இரண்டாம் பரிசுக்காரியைக் கடைசியில் போடுவான் என்று நினைத்திருந்தாள், ஒரு அரைமணி நேரம் கிடைக்கும் என்று நினைத்திருந்தாள். நெறையப் பேசுவீங்களோ. சிரிப்பு. பட்டாசாலையிலும் சிரிப்பு. ஆத்துல தண்ணி வந்தா.

"மதினி," என்றாள் பேச்சி. "நான் வெள்ளிக்கெழமைய அங்க பாடிட்டேன்."

எதை என்று கேட்கிற மாதிரி மதினி திரும்பினாள். முகத்தில் சிரிப்பு இன்னும் பாதி இருந்தது. தொட்டிலுக்குப் பாடுறது மதினி, பாப்பாவுக்கு, நீங்க சொன்னத எல்லாம் பாப்பாகிட்டத்தான் சொன்னேன், மைக்குல வந்துருச்சு, மூணாவது பாட்டுல வருது, செருப்பு வருது, வெள்ளிக்கெழம வருது, இப்ப வரும். இத்தனை வார்த்தையை அவள் ஒரே மூச்சில் பேசியதே கிடையாது. மதினியின் கை மாவுக்குள் நின்றுவிட்டது. இரண்டு பேர் கையும் ஒரே பாத்திரத்துக்குள் இருந்தது, மாவுக்கு அடியில் ஒரு விரல் இன்னொரு விரலைத் தொட்டது, எது யாருடையது என்று தெரியவில்லை. மதினி ஏசியிருக்கலாம். அறைந்திருக்கலாம். காதைத் தீட்டிக்கொண்டு பட்டாசாலைப் பக்கம் கேட்டாள், சின்னப்பிள்ளை கதை கேட்கிற மாதிரி. மாத்துத்துணி நனைஞ்சதுன்னா என்று பாடிக்கொண்டிருந்தது. முதல் பாட்டு முடியப்போகிறது, இனி வளையல்காரன் வருவான், வளையல்காரன் நாலு வரி, நடுவில் ஆராரோ, அவ்வளவுதான் இருக்கிறது. எந்திரிங்க மதினி என்று சொல்ல வேண்டும், சொல்ல வாயெடுத்தபோது வாசலில் நிழல் விழுந்தது. சோலைராசு பாப்பாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான், முகமெல்லாம் பல். "ஏ பேச்சி, ஒன்னயத்தான் காட்டுறான், ஊரே அங்க உக்காந்துருக்கு, நீ இங்க மாவப் பெசஞ்சுக்கிட்டு, வா வா," என்று மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினான். எண்ணெயில் வழுக்கியது, சிரித்துக்கொண்டே முழங்கைக்கு மேலே பிடித்தான். அக்கா நீயும் வா என்றான். அவன் தோளுக்கு மேலிருந்து பாப்பா அத்தையைப் பார்த்துக் கையை நீட்டினாள். வளையல்காரன் தெருவுக்குள் வந்துவிட்டான். பேச்சி அவன் இழுத்த இழுப்புக்குப் போய்க்கொண்டே, கழுத்தை மட்டும் பின்னால் திருப்பி, வாழ்நாளில் முதல் தடவையாகப் புருசன் முன்னால் குரலை உயர்த்தி, "மாவு காணாது மதினி, நீங்க கடைக்குப் போயிட்டு வந்துருங்க, இப்பவே போங்க, பாட்டெல்லாம் கேக்க வேணாம், பின்வாசல் வழியாவே போயிருங்க, திரும்பிப் பாக்காதீங்க," என்றாள்.